அல்லாடி கற்ற அமெரிக்கப் பாடம்

இந்திய அரசியலமைப்புச் சட்டம் என்றதும் அண்ணல் அம்பேத்கரின் பெயர் நினைவுக்கு வருகிறது. அது முறையே. ஆனால், அவர் தலைமை ஏற்ற வரைவுக் குழுவில் எழுவர் இருந்தனர். அவர்களுள் ஒருவர், சென்னையின் புகழ்பெற்ற வழக்கறிஞரான சர் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர். 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் நிறைவுரை ஆற்றிய அம்பேத்கர், தம்மைவிடத் திறமை மிக்கோர் அக்குழுவில் இருந்ததாகக் கூறி, அதற்கு எடுத்துக்காட்டாகச் சொன்ன பெயர் அல்லாடியுடையது. அப்படிப்பட்ட ஒருவரை இன்றைய தமிழக மாணவர்கள் பெரும்பாலும் அறிந்திருக்கவில்லை.

அவரை நான் மீண்டும் படிக்க நேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. வேலூருக்குத் தெற்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில், ஜவ்வாது மலைச் சாரலில் அமைந்த சிற்றூர் அமிர்தி. அருவியும் சிறு வனவிலங்குப் பூங்காவும் காண வருவோர் அறிந்த ஊர். பொருளியல் பேராசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றபின், மலைக் கிராமங்களிலிருந்து கல்லூரிக்குச் செல்லும் மாணவர்கள் சிலருக்கு விடுமுறை நாள்களில் இங்கே பாடம் சொல்லி வருகிறேன். அவர்களுள் பலர் தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர்கள். போட்டித் தேர்வுக்கும் பட்டப் படிப்புக்கும் உலக அரசியலமைப்புகள் ஒரு பாடம் என்பதால், அமெரிக்க அரசியலமைப்பைப் பற்றிச் சொல்லித் தருமாறு கேட்டார்கள்.

அந்த அரசியலமைப்பு 1787-இல் பிலடெல்பியாவில் எழுதப்பட்டது என்றும், அதில் 7 பிரிவுகளும் 27 திருத்தங்களும் உள்ளன என்றும் அவர்கள் மனப்பாடமாகச் சொன்னார்கள். ஆனால், அதை ஏன் அப்படி எழுதினார்கள், அதனால் அந்நாட்டு மக்களுக்கு நேர்ந்த நன்மை தீமைகள் யாவை என்னும் கேள்விகளுக்கு அவர்களிடம் விடை இல்லை. வழிகாட்டி நூல்களிலும் இல்லை. இந்தியா அமெரிக்காவிடமிருந்து அடிப்படை உரிமைகளையும் நீதிப் புனராய்வையும் பெற்றது என்று ஒரே வரியில் அவை முடித்துவிடுகின்றன. எதை எடுத்தோம், எதை விலக்கினோம், யார் எதற்காக அப்படிச் செய்தார் என்பதைச் சொல்லும்போதுதான் இந்தப் பாடத்துக்குப் பொருள் பிறக்கிறது. அதைச் சொல்ல அல்லாடியின் வாழ்க்கையைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியவில்லை.

அல்லாடி 1883 மே 14 அன்று, அப்போதைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தைச் சேர்ந்த புதூரில் பிறந்தார். தந்தையார் ஏகாம்ர சாஸ்திரி வைதிகத் தொழில் புரிந்தவர். செல்வ வளமற்ற குடும்பம். சென்னை கிறித்தவக் கல்லூரியில் வரலாறு பயின்று, பின்னர் சட்டம் படித்து, உயர் நீதிமன்றத்தில் வழக்குரைக்கத் தொடங்கினார். அம்பேத்கர் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்றவர். அல்லாடியின் கல்வியோ சென்னைக்குள்ளேயே அமைந்தது. அமெரிக்கச் சட்டத்தை அவர் தீர்ப்புத் தொகுதிகளின் வழியாகக் கற்றார். எந்தத் தத்துவமும் ஏதோ ஒரு வழக்கில் ஏதோ ஒரு மனிதருக்கு வெற்றியாகவோ தோல்வியாகவோ முடிகிறது என்பதை அத்தகைய படிப்பு மறக்க விடாது.

1929 முதல் 1944 வரை, பதினைந்து ஆண்டுகள் அவர் சென்னை மாகாணத்தின் அட்வகேட் ஜெனரலாக விளங்கினார். 1932-இல் சர் பட்டம் பெற்றார். சுப்பராயன் அமைச்சரவை, நீதிக்கட்சி ஆட்சி, ராஜாஜியின் காங்கிரஸ் ஆட்சி, பின்னர் ஆளுநரின் நேரடி ஆட்சி என அரசுகள் மாறியபோதும் அவர் அப்பதவியில் தொடர்ந்தார். 1935-ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் மாகாணங்களுக்கும் மத்திக்கும் அதிகாரங்களைப் பங்கிட்டுத் தந்திருந்தது. கடனில் மூழ்கிய உழவர்களுக்காகச் சென்னைச் சட்டமன்றம் 1938-இல் இயற்றிய விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் போன்றவை, மாகாணத்தின் அதிகார எல்லை எதுவரை என்னும் கேள்வியை நீதிமன்றங்களுக்குக் கொண்டுசென்றன. ஏழை உழவனின் வட்டிச் சுமையைக் குறைக்க ஒரு சட்டமன்றம் முயலும்போது, நீதிமன்றம் அதைத் தடுக்கலாமா என்பது அல்லாடியின் தலைமுறை வழக்கறிஞர்களுக்கு ஏட்டுக் கேள்வியாக இருக்கவில்லை.

அரசியல் நிர்ணய சபைக்குச் சென்னையிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட அவர், அடிப்படை உரிமைகள் துணைக் குழுவிலும், உச்ச நீதிமன்றம் குறித்து ஆராய்ந்த தனிக் குழுவிலும் இடம்பெற்றார். 1947 ஆகஸ்ட் 29 அன்று அமைக்கப்பட்ட வரைவுக் குழுவிலும் உறுப்பினரானார். அப்போது அவருக்கு வயது 64. உடல்நலம் குன்றியிருந்த காலம்.

அமெரிக்க முறையிலிருந்து அவர் தயக்கமின்றி ஏற்றவை சில. முதலாவது, அரசியலமைப்புக்கு முரணான சட்டத்தைச் செல்லாது என அறிவிக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு வேண்டும் என்பது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1803-இல் மார்பரி வழக்கில் இவ்வதிகாரத்தைத் தானே தீர்ப்பின் வழியாக நிலைநாட்டிக்கொண்டது. இந்தியாவில் அது 13-ஆம் உறுப்பில் எழுத்து வடிவிலேயே இடம்பெற்றது. இரண்டாவது, மாநிலங்களுக்கிடையே தடையற்ற வணிகம். விடுதலை பெற்ற அமெரிக்க மாநிலங்கள் ஒன்றன் சரக்கின்மீது மற்றொன்று வரி விதித்து மோதிக்கொண்டதும் 1787 மாநாடு கூடியதற்கு ஒரு காரணம். நம் 301-ஆம் உறுப்பு அந்த அனுபவத்தை மனத்தில் கொண்டது. ஜவ்வாது மலைப் புளி ஆந்திரச் சந்தைக்குச் செல்லுமானால், எல்லையில் யாரும் அதை அயல்நாட்டுச் சரக்காக நடத்த முடியாது என்று சொன்னபோது மாணவர்களுக்கு உடனே புரிந்தது.

அவர் ஏற்காதவையும் உண்டு. அமெரிக்காவில் ஒருவர் நாட்டின் குடிமகனாகவும் தம் மாநிலத்தின் குடிமகனாகவும் இருக்கிறார். அங்கே மத்திய நீதிமன்றங்களும் மாநில நீதிமன்றங்களும் தனித்தனி அமைப்புகள். இந்தியாவுக்கு ஒரே குடியுரிமையும் ஒரே நீதித்துறை வரிசையும் போதும் என்னும் முடிவில் அல்லாடி உறுதியாக நின்றார். பிரிவினையின் குருதி காயாத அந்நாள்களில் வலுவான மத்திய அரசை அவர் விரும்பினார். மாநில உரிமைகளைப் போற்றும் தமிழக வாசகர்கள் இதில் அவரோடு உடன்படாமல் இருக்கலாம். நானும் முழுமையாக உடன்படுவதில்லை. ஆயினும், காரணம் தெரியாமல் செய்த தேர்வு அன்று அது.

அவருடைய தேர்வுகளிலேயே மிகக் கடினமானது தனிமனித சுதந்திரம் பற்றியது. அமெரிக்க அரசியலமைப்பின் 1791-ஆம் ஆண்டு ஐந்தாம் திருத்தமும், 1868-ஆம் ஆண்டு பதினான்காம் திருத்தமும், உரிய சட்ட நெறிமுறையின்றி எவருடைய உயிரையோ சுதந்திரத்தையோ சொத்தையோ பறிக்கலாகாது என்கின்றன. இதை ‘டியூ புராசஸ்’ என்பர். இங்கே உரிய என்னும் சொல்லில்தான் ஆற்றல் இருக்கிறது. ஒரு சட்டம் முறைப்படி இயற்றப்பட்டதா என்று மட்டுமன்றி, அது நியாயமானதா என்றும் நீதிபதி கேட்கலாம். விறகு சுமந்து வந்த மலைவாசி ஒருவரைப் பிடித்து விசாரணையின்றி ஓராண்டு சிறையில் வைக்கலாம் என்று ஒரு சட்டம் கூறுவதாகக் கொள்வோம். அச்சட்டமே அநீதியானது என நீதிபதி சொல்வதற்கு அந்த ஒரு சொல் இடம் தருகிறது.

கேட்பதற்கு எவ்வளவு நல்ல ஏற்பாடு! ஆனால், அமெரிக்காவில் அது எப்படிப் பயன்பட்டது என்பதை அல்லாடி அறிந்திருந்தார். நியூயார்க் மாநிலம் ரொட்டித் தொழிலாளரின் வேலை நேரத்தை நாளுக்கு 10 மணி, வாரத்துக்கு 60 மணி என வரையறுத்துச் சட்டம் செய்தது. 1905-இல் லாக்னர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஐந்துக்கு நான்கு என்னும் கணக்கில், அதைச் செல்லாது என்றது. முதலாளியும் தொழிலாளியும் தாம் விரும்பியபடி ஒப்பந்தம் செய்துகொள்ளும் சுதந்திரத்தை அது பறிக்கிறதாம். 1923-இல் பெண்களுக்கான குறைந்தபட்ச ஊதியச் சட்டத்துக்கும் இதே கதி நேர்ந்தது. ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம், மனிதனைச் சிறையிலிருந்து காக்க எழுதப்பட்ட சொல், தொழிற்சாலை உரிமையாளரைச் சட்டத்திலிருந்து காத்தது. 1937-இல்தான் அந்நீதிமன்றம் தன் போக்கை மாற்றிக்கொண்டது. பொருளியல் வகுப்பில் தொழிலாளர் சந்தையைப் பற்றி நான் பல்லாண்டு கற்பித்ததுண்டு. பேரம் பேசும் வலிமை சமமாக இல்லாத இருவரிடையே ஒப்பந்தச் சுதந்திரம் என்பது யாருக்குச் சாதகம் என்பதை விளக்க லாக்னர் வழக்கே போதும்.

இந்தியாவில் ஜமீன்தாரி ஒழிப்பும் குத்தகைச் சீர்திருத்தமும் காத்திருந்தன. அமெரிக்கத் தொடரை அப்படியே எழுதினால் நில உடைமையாளர்கள் ஒவ்வொரு சட்டத்தையும் நீதிமன்றத்தில் முடக்கிவிடுவார்கள் என்னும் அச்சம் உறுப்பினர் பலருக்கு இருந்தது. அதனால் முதலில் சொத்து என்னும் சொல் அப்பிரிவிலிருந்து நீங்கியது. உயிரும் சுதந்திரமும் எஞ்சின. 1947-இன் இறுதியில் அமெரிக்கா சென்ற சட்ட ஆலோசகர் பி.என். ராவிடம், அந்நாட்டு உச்ச நீதிமன்ற நீதிபதி ஃபிராங்பர்ட்டர், இத்தொடர் மக்களாட்சிக்கு ஒவ்வாதது, நீதிபதிகள்மீதும் தாங்கொணாச் சுமையை ஏற்றுவது என்று எச்சரித்தார். ராவ் அக்கருத்தோடு திரும்பினார். தொடக்கத்தில் அமெரிக்கத் தொடரை ஆதரித்த அல்லாடி தம் கருத்தை மாற்றிக்கொண்டார். 1948 பிப்ரவரியில் வெளியான வரைவில், ஜப்பானின் 1946-ஆம் ஆண்டு அரசியலமைப்பிலிருந்து எடுத்த வேறொரு தொடர் இடம்பெற்றது: சட்டத்தால் நிறுவப்பட்ட நெறிமுறை. உரிய என்னும் சொல் மறைந்தது.

1948 டிசம்பரில் சபையில் கடும் விவாதம் நிகழ்ந்தது. கே.எம். முன்ஷி உள்ளிட்ட பலர் பழைய தொடரே வேண்டும் என வாதாடினர். அமெரிக்க நீதிமன்றத்தின் முரண்பட்ட தீர்ப்புகளைச் சுட்டிக்காட்டி, புதிய தொடருக்காக நின்று பேசியவர் அல்லாடி. மக்கள் தேர்ந்தெடுக்கும் சட்டமன்றத்தை நம்பாமல் ஐந்து நீதிபதிகளின் சமூகக் கருத்துகளை ஏன் நம்ப வேண்டும் என்பதே அவருடைய வாதத்தின் சாரம். அம்பேத்கர் இரு தரப்பு ஆபத்துகளையும் எடுத்துரைத்து, முடிவைச் சபைக்கே விட்டுவிட்டார். சபை அல்லாடியின் பக்கம் நின்றது.

விலை விரைவில் தெரிந்தது. அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்து ஒரு மாதத்திலேயே, 1950 பிப்ரவரியில், தடுப்புக்காவல் சட்டம் நிறைவேறியது. அதன்கீழ் சென்னை மாகாணத்தில் சிறை வைக்கப்பட்ட கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் உச்ச நீதிமன்றத்தை நாடினார். சட்டமன்றம் நெறிமுறையை நிறுவியிருந்தால் போதும், அது நியாயமானதா என நீதிமன்றம் கேட்க இயலாது என்று 1950 மே மாதம் பெரும்பான்மை நீதிபதிகள் தீர்ப்பளித்தனர். வரைவுக் குழுவில் அமெரிக்கத் தொடர் கைவிடப்பட்டதும் அங்கே சுட்டிக்காட்டப்பட்டது. நீதிபதி பசல் அலி மாறுபட்டார். நெருக்கடி நிலைக் காலத்தில் ஆயிரக்கணக்கானோர் விசாரணையின்றிச் சிறையில் வாடியபோதும் நீதிமன்றம் அவர்களைக் காக்கவில்லை. 1978-இல் மேனகா காந்தி வழக்கில்தான், நெறிமுறை என்பது நேர்மையாகவும் நியாயமாகவும் இருக்க வேண்டும் என உச்ச நீதிமன்றம் கூறியது. வரைவுக் குழு நீக்கிய சொல் முப்பது ஆண்டுகளுக்குப்பின் தீர்ப்பின் வழியாகத் திரும்பி வந்தது.

இதைக் கேட்ட மாணவி ஒருவர், அப்படியானால் அல்லாடி செய்தது பிழைதானே ஐயா என்று வினவினார். லாக்னர் தீர்ப்பால் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் அடுப்பருகே நின்ற தொழிலாளியிடமும் அதே கேள்வியைக் கேட்டுப் பார் என்றேன். வகுப்பு இரண்டாகப் பிரிந்து வாதிட்டது. நான் தீர்ப்புச் சொல்லவில்லை. என் சொந்தக் கருத்து இதுதான்: சொத்தை விலக்கியபின், உடலின் சுதந்திரத்துக்கேனும் அந்தச் சொல்லை விட்டுவைத்திருக்கலாம். ஆயினும், அமெரிக்க அனுபவத்தைப் படித்தவர் ஒருவர் நேர்மையாக அடையக்கூடிய முடிவே அல்லாடியுடையது.

மாணவர்களைத் திகைக்க வைத்த செய்தி வேறொன்று. சாதிவாரியாகக் கல்லூரி இடங்களைப் பகிர்ந்தளித்த சென்னை அரசின் வகுப்புவாரி ஆணை 1950-இல் உயர் நீதிமன்றத்தில் எதிர்க்கப்பட்டபோது, மனுதாரர் தரப்பில் வாதிட்டவர்களுள் அல்லாடியும் ஒருவர். கல்வி நிலையச் சேர்க்கையில் சாதி, மதம் காரணமாக எவருக்கும் இடம் மறுக்கலாகாது என்னும் விதியை எழுதிய குழுவில் இருந்தவரே, அதற்குப் பொருள் கூற நீதிமன்றத்தில் நின்றார். ஆணை செல்லாது என்றானது. 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. தமிழகம் கொந்தளித்தது. தந்தை பெரியாரும் மற்றோரும் போராட, அதே ஆண்டு ஜூன் மாதம் முதல் திருத்தத்தின் வழியாக 15(4) என்னும் உட்பிரிவு சேர்க்கப்பட்டது. சமூக, கல்வி நிலைகளில் பின்தங்கியோருக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் தனி ஏற்பாடு செய்ய அரசுக்கு அது அதிகாரம் தந்தது. அமிர்தியில் என்முன் அமர்ந்திருக்கும் மலையாளிப் பழங்குடி மாணவர்கள் அந்த உட்பிரிவின் வழியாகவே கல்லூரிக்குச் சென்றவர்கள். தனிமனிதருக்குச் சம உரிமை என்னும் அமெரிக்கத் தத்துவத்தை, பிறப்பாலேயே சமமின்மை நிலவும் சமூகத்தில் அப்படியே பொருத்தினால் என்ன நேரும் என்பதை அல்லாடி போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை என்றே கருதுகிறேன். லாக்னரில் அவர் கண்ட அதே குறை, இந்த வாதத்திலும் இருந்தது.

இதனோடு அவரை நிறுத்திவிட்டால் அது நீதியாகாது. 1935-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் மக்கள்தொகையில் ஏறத்தாழ ஏழில் ஒருவருக்கே வாக்குரிமை இருந்தது. சொத்தும் கல்வியும் வரியுமே தகுதிகள். விடுதலை பெற்ற இந்தியாவில் ஐந்தில் ஒருவருக்குக்கூட எழுதப் படிக்கத் தெரியாது. இந்நிலையில் வயது வந்த அனைவருக்கும் வாக்குரிமை தருவது துணிச்சலா, பேதைமையா என்று உலகம் வியந்தது. 1949 நவம்பரில், அரசியலமைப்பு நிறைவேறும் தறுவாயில், அல்லாடி இதை முழு மனத்தோடு ஆதரித்துப் பேசினார். மக்களின் அறியாமையும் எழுத்தறிவின்மையும் கண்கூடு என்பதை அவர் மறுக்கவில்லை. எனினும், சாதாரண மனிதனின்மீதும் மக்களாட்சியின் வெற்றியின்மீதும் நிறைந்த நம்பிக்கையோடுதான் சபை இம்முடிவை எடுத்தது என்றார்.

அமெரிக்காவோடு ஒப்பிட்டால் அதன் பெருமை விளங்கும். 1789-இல் அங்கே வாக்களித்தவர்கள் பெரும்பாலும் சொத்துள்ள வெள்ளை ஆண்கள். 1870-இல் கருப்பின ஆண்களுக்கு ஏட்டளவில் உரிமை வந்தது. பெண்களுக்கு நாடு முழுவதும் 1920-இல் கிடைத்தது. அம்மண்ணின் பழங்குடிகள் அனைவரும் குடிமக்களானது 1924-இல்தான். தென் மாநிலங்களில் கருப்பின மக்களை வாக்குச்சாவடியிலிருந்து விரட்ட எழுத்தறிவுத் தேர்வு ஒரு கருவியாகப் பயன்பட்டது; 1965-ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டம் வரும்வரை அது நீடித்தது. இந்தியாவில் 1951-52 முதல் பொதுத்தேர்தலின்போதே 17 கோடிக்கும் மேற்பட்ட வாக்காளர்கள் பட்டியலில் இருந்தனர். ஜவ்வாது மலையில் சாமை விதைத்துக் கடுக்காய் பொறுக்கி வாழ்ந்த பெண்ணுக்கும், சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைசிறந்த வழக்கறிஞருக்கும் ஆளுக்கு ஒரு வாக்கு. அவளிடம் எவரும் எழுத்துத் தேர்வு வைக்கவில்லை. சட்டமன்றத்தின்மீது அல்லாடி கொண்ட நம்பிக்கைக்கும் இதுவே அடித்தளம். எல்லாரும் தேர்ந்தெடுக்கும் மன்றம் எல்லாருக்கும் அஞ்சி நடக்கும் என அவர் எண்ணினார். கோபாலன் வழக்கு அந்த எண்ணத்தின் எல்லையைக் காட்டியது. வாக்குரிமையோ இன்றளவும் நிலைத்திருக்கிறது.

முதல் பொதுத்தேர்தலைக் கண்டபின், 1953 அக்டோபர் 3 அன்று தம் எழுபதாம் வயதில் அல்லாடி மறைந்தார்.

அயல்நாட்டு அரசியலமைப்பை நம் மாணவர்களுக்கு எப்படிக் கற்பிப்பது என்பதற்கு இவ்வாழ்க்கை ஒரு வழி காட்டுகிறது. அமெரிக்காவைப் போற்றவும் வேண்டாம், தூற்றவும் வேண்டாம். ஒவ்வொரு விதியையும் எடுத்து, அது அங்கே யாரைக் காத்தது, யாரைக் கைவிட்டது எனக் கேட்க வேண்டும். பின்னர், அதை இங்கே ஏற்றபோதோ விலக்கியபோதோ யாருக்கு என்ன நேர்ந்தது எனக் கேட்க வேண்டும். எண்களையும் ஆண்டுகளையும் மட்டும் மனப்பாடம் செய்தவர் தேர்வில் வெல்லலாம். தம் ஊரில் ஒருவர் காரணமின்றிக் கைதாகும்போது எந்த உறுப்பின்கீழ் எந்த நீதிமன்றத்தை நாடுவது என்று அவருக்குத் தெரியாது.

நம் பல்கலைக்கழகங்களின் பாடத்திட்டக் குழுக்களுக்கு ஒரு வேண்டுகோள். இளநிலைப் பட்ட வகுப்பில் அரசியலமைப்பைக் கற்கும் ஒவ்வொருவரும் 1948 டிசம்பர் விவாதத்தையும், கோபாலன், மேனகா காந்தி தீர்ப்புகளின் சாரத்தையும், முதல் திருத்தத்தின் வரலாற்றையும் எளிய தமிழில் படிக்குமாறு ஒரு சிறு நூலைப் பாடமாக வையுங்கள். நூறு பக்கம் போதும். அல்லாடியோடு உடன்படவும் முரண்படவும் மலைக் கிராமத்து மாணவர்களால் முடியும் என்பதை அமிர்தியில் நான் கண்டிருக்கிறேன்.